பதினாலாம் வரிசை, ஜன்னல் பக்கம்

எங்கள் சந்தில் ஆளுக்கு ஒன்று சொந்தமாக இருந்தது. எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு கைவண்டி. மூலைவீட்டில் இரண்டு ஆடுகள். என்னிடம் ஒரு தையல் மிஷின், அதுவும் மிதித்தால் பாதி நேரம் பின்னோக்கி ஓடும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு விமானம் இருந்தது.

சிரிக்க வேண்டாம். நானும் முதலில் சிரித்தவள்தான். மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி போய்ப் பாலம் ஏறி இறங்கினால் வெல்லிங்டன் தீவு. தொண்ணூறுகளில் கொச்சியின் விமான நிலையம் அங்கேதான் இருந்தது. அக்கா அங்கே விமானங்களின் உள்ளே கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தாள். காண்டிராக்டர் கொடுத்த நீலச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு காலை பஸ்ஸுக்கு ஓடுவாள். வருகிற விமானம் எதுவானாலும் துடைப்பாள். ஆனால் அவற்றில் ஒன்றே ஒன்றுதான் அவளுடையது. "இன்னைக்கு என் வண்டி லேட்டு, கேட்டோ. பம்பாயில மழையாம்" என்பாள், மகள் மாமியார் வீட்டிலிருந்து கிளம்பத் தாமதமானதைச் சொல்வதுபோல.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு அவள் இல்லை. போய்ச் சேர்ந்தவளைப் பற்றி இப்படியெல்லாம் பேசக்கூடாது என்பார்கள். பொறாமைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. இன்றும் தலைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தால் அது அவளுடையதாக இருந்துவிடும்.

அந்த விமானம் கொச்சிக்கு வந்தபோதே புதிது இல்லையாம். ஏதோ ஒரு குளிர்நாட்டில் பல வருஷம் ஓடிவிட்டு, இங்கே ஒரு தனியார் கம்பெனிக்கு வந்தது. கக்கூஸ் கதவின் உள்பக்கத்தில் யாராலும் படிக்க முடியாத ஒரு பாஷையில் எழுதியிருந்ததாம். "ரெண்டாந்தாரமா வந்தவ. அதனாலதான் இவ்வளவு பொறுமை" என்று அக்கா சொல்வாள். பின்கதவுக்குக் கீழே ஒருமுறை ஏணிவண்டி இடித்து, அங்கே சதுரமாக ஒரு தகடு வைத்து அடைத்திருந்தார்கள். தடுப்பூசித் தழும்பு மாதிரி இருக்கும் என்பாள். அதை வைத்துத்தான் தூரத்திலேயே அடையாளம் கண்டுபிடிப்பாள். தீவில் ஓடுபாதை சின்னது, பெரிய விமானங்கள் இறங்காது, அதனால் இருக்கிற சிலதே திரும்பத் திரும்ப வந்தன. அவளுடையது காலையில் பம்பாய் போய்விட்டு சாயந்திரம் திரும்பும்.

காலையில் போகிற அந்த விமானத்தில்தான் வருஷத்துக்கு ஒருமுறை என் வீட்டுக்காரரும் போனார்.

அவர் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் சலவைப் பகுதியில் வேலை பார்த்தார். வருஷத்தில் ஒரு மாதம் லீவு. திரும்பிப் போகும்போது பம்பாய் வரை இந்த வண்டி, அங்கிருந்து வேறு. வழியனுப்ப வருகிறவர்களுக்குக் கம்பிவேலி வரைக்கும்தான் அனுமதி. அங்கே ஒரு மழைமரத்தின் கீழ் ஊரே அழுதுகொண்டு நிற்கும். நானும் நிற்பேன். வேலிக்கு அந்தப் பக்கம், விமானத்தின் வாலுக்கடியில், வாளியும் துடைப்பமுமாக அக்கா நிற்பாள். என் புருஷனைக் கடைசியாகப் பார்க்கிறவள் அவள்தான். அவர் முகத்தில் அந்த நேரத்தில் என்ன இருந்தது என்று அவளிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். தாலி கட்டியவள் வேலிக்கு வெளியே, துடைப்பம் பிடித்தவள் உள்ளே. இதற்குப் பொறாமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

அவருடைய பெட்டியில் என் பொருள் எதுவும் இருக்காது. கூட வேலை பார்க்கிறவர்களின் வீடுகளிலிருந்து வந்து குவியும் ஊறுகாய், வாழைக்காய் உப்பேரி, சொந்தக்காரர்களின் போட்டோ, யாரோ ஒரு குழந்தையின் கொலுசு என்று எல்லாம் அடுத்தவர் சாமான். என்னுடையதாக அவரோடு போவது ஒரே ஒரு பொதி. வாழையிலையை அனலில் வாட்டி, புளிச்சோறு வைத்து, ஓரத்தில் வறுத்த நெத்தோலியும் இரண்டு வடகமும் சொருகி, பத்திரிகைத் தாளில் மடித்து நூல் கட்டிக் கொடுப்பேன். புளிச்சோறு ராத்திரி வரை கெடாது. பம்பாயில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போதாவது சாப்பிடலாம். கடலைத் தாண்டும்போது அவர் வயிற்றில் என் கைச்சோறு இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்று சாயந்திரம் அக்கா வேலை முடிந்து வந்ததும் சாயாவைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்காருவேன்.

"தம்பிக்கு நம்ம பதினாலுதான். கவுண்டர்ல இருக்குற சேட்டன்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சேன், என் தங்கச்சி மாப்பிள்ளை, ஜன்னலோரம் குடுக்கணும்னு. றெக்கைக்குப் பின்னால, கீழ ஊரு தெரியும்."

"அழுதாரா?"

"கண்ணாடி வழியாப் பாத்தேன். கண்ணத் தொடச்சாரு."

"பொதி?"

"உக்காந்த உடனே பிரிச்சாரு மோளே. ஒரு பருக்கை விடல."

ஒரு வருஷம் முழுக்க அந்த வார்த்தைதான் எனக்குச் சாப்பாடு. கூடவே அதுதான் நெஞ்சில் முள்ளும். நான் கட்டிய பொதியை என் புருஷன் பிரிப்பதை நான் பார்த்ததில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பதினாலாம் வரிசையைப் பற்றி அவளுக்குப் பேசி முடியாது. ஜன்னல் சீட்டின் கைப்பிடியில் சிகரெட் சாம்பல் தட்டுவதற்கு ஒரு சின்ன மூடி இருக்குமாம். விமானத்தில் புகைக்கக் கூடாது என்றானபிறகு மூடி மட்டும் மிச்சம். எஞ்சின் ஓடும்போது அது கடகடவென்று ஆடுமாம். "தம்பிக்குத் தூக்கம் வராதுல்ல? அதான் என் கொண்டை ஊசிய உள்ள குத்தி இறுக்கி வெச்சுட்டேன்" என்றாள். என் புருஷனின் தூக்கத்துக்கு அவள் கொண்டை ஊசி. அன்று சாயாவில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். அவள் கவனிக்கவே இல்லை.

தன் வண்டியைப் பற்றி யாராவது குறை சொன்னால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. சந்தில் ஒருவர் முதல்முறையாக அதில் போய் வந்துவிட்டு, "ரொம்பக் குலுங்குது" என்றார். அக்கா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. "ஆகாசத்துல குழி இருந்தா வண்டி என்ன செய்யும்? இவரு போற தோப்பும்படி பஸ்ஸு குலுங்காதா?" என்று எங்களிடம் நியாயம் கேட்டாள். யார் எந்த சீட்டில் வாந்தி எடுத்தார்கள், எந்த மணப்பெண் எந்த வரிசையில் பூவை உதிர்த்துவிட்டுப் போனாள், எல்லாம் சொல்லுவாள். ஆனால் வாந்தி எடுத்தவர் மேல்தான் தப்பு, விமானத்தின் மேல் இல்லை.

பருந்து அடித்த கதையைச் சொல்லியாக வேண்டும். அந்த வண்டி எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது. தோப்பும்படி மீன் துறைமுகத்தைச் சுற்றி எப்போதும் பருந்துகள் வட்டமிடும். ஒரு வருஷம் அவர் கிளம்ப வேண்டிய நாளில், முந்தின சாயந்திரம் வர முடியாமல் காலையில் விமானம் வந்து இறங்கும் நேரத்தில் ஒரு பருந்து அதன் மூக்கில் வந்து மோதியது. கொஞ்ச நேரம் தாமதம் என்று சொல்லி ஆட்களை ஏணி வரை கூட்டிப்போனார்கள். அப்புறம் யாரோ வந்து பார்த்துவிட்டு, இன்றைக்குப் பறக்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழைமரத்தடியில் நின்று அழுதவர்கள் எல்லாம் சிரித்தோம். எனக்கு ஒரு நாள் கூடுதலாகப் புருஷன் கிடைத்தார். அந்தப் பருந்துக்கு நான் ஒரு முழுத் தேங்காய் உடைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "சோறு இருக்கா? பசிக்குது" என்றார்.

"பொதி எங்க?"

"சாப்பிட்டாச்சு."

"விமானம் ஏறவே இல்லையே, அதுக்குள்ளயா?"

"ஆமா" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். என் சோறு என்றால் மனுஷருக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது தடவையாகப் பொங்கிப்போட்டேன். பெண்ணாய்ப் பிறந்தவளின் புத்தியை என்ன சொல்ல.

அக்கா மட்டும் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "என் வண்டிக்கு மூக்கு உடைஞ்சு கெடக்கு. நீ பாயசம் காச்சுற" என்றாள். பாயசத்தில் அவளுக்குப் பங்கு கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடியும் முகத்தைத் தூக்கினாள்.

அவளுக்கும் புருஷன் உண்டு. படகுக் கடவு தாண்டினால் அக்கரையில் வைப்பின், அங்கே வேறொருத்தியோடு இருந்தார். "உன் ஆளு கடலு தாண்டிப் போனாரு, வருஷா வருஷம் வராரு. என் ஆளு ஒரு கடவு தாண்டித்தான் போனாரு. இக்கரையில நின்னு உரக்கக் கூப்பிட்டா காதுல விழும். வரமாட்டாரு" என்று ஒருமுறை துணி உதறிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். நான் தினமும் அவளைப் பார்க்கிற பார்வை அது. என்னிடமும் பொறாமைப்பட ஏதோ இருக்கிறது என்று அன்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நடுவில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். விமானம் பம்பாயில் ஒரு மூலையில் நின்றது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டதாக அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னாராம். அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வருஷம் என் வீட்டுக்காரர் வேறு கம்பெனி விமானத்தில் போனார். "அது ஆரோ, எனக்கு அறியாது" என்று அக்கா அந்த விமானத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பொதி என்ன ஆனது என்று கேட்டேன். "சாப்பிட்டிருப்பாரு" என்றாள். சாப்பிட்டார் என்று சொல்லவில்லை, சாப்பிட்டிருப்பார் என்றாள். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஒருநாள் வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். வாலில் புதுப் படம், சீட்டுக்குப் புது உறை, உள்ளே வேறு செண்ட் வாசனை, வேறு கம்பெனி. ஆனால் பின்கதவின் கீழே அந்தத் தழும்பு. பெயிண்ட் அடித்தும் மறையவில்லையாம். "மூணாந்தாரம் போயிட்டாடீ என் பொண்ணு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். பதினாலில் கொண்டை ஊசியும் அப்படியே இருந்ததாம். அன்று அவள் சந்து முழுக்கச் சாயா வாங்கிக் கொடுத்தாள். நான் தலைவலி என்று போகவில்லை.

மறுவருஷம் லீவு முடிந்து அவர் போன அன்று, வழக்கம்போல சாயாவை ஆற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பதினாலு, ஜன்னல், கண்ணைத் துடைத்தது எல்லாம் ஆனது. பொதியைப் பற்றிக் கேட்டேன்.

"ஒரு பருக்கை விடல. ஆனா இந்தத் தடவை பெருங்காயம் கொஞ்சம் தூக்கல், கேட்டோ. முன்னெல்லாம் சரியான பாகம்."

சொல்லிவிட்டுச் சாயாவை உறிஞ்சினாள். நான் அவளையே பார்த்தேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தம்பி சொன்னாரு, ஏணிப்படில வெச்சு."

ஏணிப்படியில் ஏறும்போது, இன்னும் பிரிக்காத பொதியைப் பற்றிச் சொன்னாராம். அதுவும் போகட்டும். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உப்பே போடாமல் வைத்தாலும் தின்றுவிட்டு எழுந்துபோகிற மனுஷர். பெருங்காயம் என்றொரு பொருள் உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. பருந்து அடித்த அன்று அவர் பசியோடு வந்து நின்றது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அடுத்த லீவு முடிந்த காலையில் பொதி கட்டினேன். இஞ்சிக் கிடங்கில் எனக்கு வேலை. அங்கே பக்கத்து அறையில் காந்தாரி மிளகாய் காய வைத்திருப்பார்கள். ஒரு கைப்பிடி கொண்டுவந்து அரைத்து, புளிக்காய்ச்சலில் கலந்துவிட்டேன். தின்கிறவர் யாரானாலும் தெரிந்துவிடும். புருஷன் என்றால் பம்பாயிலிருந்து போன் வரும்.

போன் வரவில்லை. சாயந்திரம் அக்கா வந்தாள். உதடு வீங்கியிருந்தது. மூக்கு சிவந்திருந்தது. சாயா வேண்டாம், தண்ணீர் போதும் என்றாள்.

"பொதி?"

"சாப்பிட்டாரு மோளே."

"காரமா இருந்துச்சாமா?"

"காரமா? சே, சே. நல்லா…" என்று ஆரம்பித்தவளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தது. நான் செம்பை நீட்டினேன். குடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"கொன்னுட்டியேடீ பாவி."

"மிச்சம் வெச்சிருக்கலாமே?"

"என் வண்டியில சோத்த எறியவா?" என்றாள், நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதைப் போல.

அப்புறம் சொன்னாள். முதல் வருஷத்திலிருந்தே அப்படித்தானாம். ஏணிக்குக் கீழே வந்ததும் அவர் பொதியை அவள் கையில் திணித்துவிடுவாராம். "'அக்கா, இத யாருக்காச்சும் குடுங்க. உள்ள பூரா நெத்தோலி மணக்கும், பக்கத்துல கோட்டு போட்டவங்க இருப்பாங்க'ன்னாரு. நாணம்டீ அந்த மனுஷனுக்கு. உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"நீங்க எதுக்குத் தின்னீங்க? யாருக்காச்சும் குடுத்திருக்கலாமே."

"யாருக்காச்சும்னா ஆருக்கு? நீ அந்த சீட்டுக்குன்னு கட்டின பொதி அது. சாயந்திரம் வண்டி திரும்பி வரும். ஆளு எல்லாம் இறங்கும். கூட்டித் தொடச்சு, மத்த பொண்ணுங்களும் போனதுக்கப்புறம் நான் பதினாலுல போய் உக்காருவேன். பெல்ட்டு போடுவேன். அதுக்கப்புறந்தான் பொதியப் பிரிப்பேன்."

"நிக்கிற விமானத்துல பெல்ட் எதுக்கு?"

"பின்னே? பறக்கறப்ப பெல்ட்டு போடாமலா?"

எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்திருக்க வேண்டும். என் சோற்றுக்கு வெட்கப்பட்ட மனுஷர்மேல். வந்ததென்னவோ அவள்மேல். என் புருஷனின் சீட்டில், என் புருஷனின் சோற்றை, என் புருஷன் போகவேண்டிய வானத்தில் உட்கார்ந்து இவள் தின்றிருக்கிறாள், வருஷா வருஷம். அந்த சீட்டு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. கூட்டிப்போகச் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். "அடுத்த லீவுக்குப் பாக்கலாம்" என்பார். நான் சமைத்தது விமானம் ஏறியது, சமைத்தவள் ஏறவில்லை.

"இனிமேல் கட்டமாட்டேன்" என்றேன்.

"சரி" என்றாள். அந்தச் சரியில் அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன்.

கட்டினேன். கட்டாவிட்டால் அவரிடம் காரணம் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. யார் தின்றாலும் என் கைப்பக்குவத்தைக் குறை சொல்லக்கூடாது. அந்தத் தடவை பெருங்காயத்தைக் குறைத்து, வெல்லம் ஒரு துண்டு கூட்டினேன். அவர் வழக்கம்போல வாங்கிக்கொண்டு போனார். சாயந்திரம் அக்கா வந்து, "பாகம்" என்று மட்டும் சொன்னாள். 

பிறகு ஆலுவாய்க்கு அப்பால் நெடும்பாசேரியில் புது விமான நிலையம் வந்தது. தீவுக்குப் பயணிகள் விமானம் வருவது நின்றது. புது இடத்தில் புதுக் காண்டிராக்டர், புது ஆட்கள். அக்காவை யாரும் கூப்பிடவில்லை. மட்டாஞ்சேரியிலேயே, பழைய யூதர் தெருவான ஜூ டவுனில், பழம்பொருள் விற்கிற கடை ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போனாள். அவளுடைய விமானத்தைப் பற்றி ஆளுக்கொரு சேதி சொன்னார்கள். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றுகிறார்கள் என்றார் ஒருவர். "வயசான காலத்துல சுமை தூக்க விட்டுட்டாங்களே" என்றாள் அக்கா. அப்புறம் அதுவும் நின்று, எங்கோ உடைத்துவிட்டார்கள் என்று கேள்வி. அதை அவள் நம்பவில்லை. நான் நம்பினேன். உண்மையைச் சொன்னால், அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். நெடும்பாசேரியிலிருந்து நேராக வளைகுடாவுக்கே விமானம் இருந்தது. அவர் கிளம்பும் காலையில் பொதியை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேண்டாம்டீ. பிளேன்ல தர்றாங்க. சும்மா எதுக்கு."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் முகத்துக்கு நேரே சொன்னார். ஏணிக்குக் கீழே நின்று வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை, வேறென்ன. அவர் கார் ஏறிப் போய்விட்டார். நான் பொதியோடு வாசலில் நின்றேன். அழுகை வரவில்லை. நேராக ஜூ டவுனுக்கு நடந்தேன்.

கடை முதலாளி காலைப் பலகாரத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தார். அக்கா என்னையும் பொதியையும் பார்த்தாள். கையைப் பிடித்துக் கடையின் பின்பக்கத்துக்கு இழுத்துப்போனாள். கப்பல் சக்கரம், உடைந்த தூக்குவிளக்கு, மரக்குதிரை இவற்றுக்கு நடுவே சுவரோரமாக மூன்று சீட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. விமானத்துச் சீட்டுகள்.

"போன வாரம் வந்துச்சு. பம்பாயிலருந்து லாரியில. முதலாளி இத ஏதோ மகாராஜா விமானத்துதுன்னு வெள்ளக்கார சாயிப்புங்ககிட்டச் சொல்லுறாரு. மகாராஜாவாம்! இது பதினாலுடீ. நம்ம பதினாலு."

"எத்தனை விமானம், எத்தனை சீட்டு. எப்படிச் சொல்றீங்க?"

"கைப்பிடி மூடியத் தொறந்து பாரு."

சுவரோரச் சீட்டின் கைப்பிடியில் மூடி இருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு கொண்டை ஊசி, துருப்பிடித்து. துருப்பிடித்த ஊசி கொச்சியில் யாரிடம்தான் இல்லை? அவளே போன வாரம் குத்தி வைத்திருக்கலாம். வைக்கக்கூடியவள்தான். நான் கேட்கவில்லை. அவளை முந்திக்கொண்டு அந்தச் சுவரோரச் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் முகம் சட்டென்று வாடியது. "அது…" என்றாள்.

"என் புருஷன் சீட்டு. நான்தான் உக்காரணும்."

நடுச் சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். எனக்குப் பூட்டத் தெரியவில்லை. அதையும் அவளே குனிந்து பூட்டிவிட்டாள். நான் பொதியைப் பிரித்து இருவர் மடியிலுமாக வைத்தேன். கடைக்குள் எட்டிப்பார்த்த ஒரு சாயிப்பும் அவர் மனைவியும் எங்களைக் கண்டு புன்னகையோடு அருகே வந்து, காலியாக இருந்த மூன்றாவது சீட்டைக் காட்டி ஏதோ கேட்டார்கள். அக்கா அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி, "ஃபுல், ஃபுல்" என்றாள். அவர்கள் போய்விட்டார்கள்.

நான் கட்டிய பொதியை நான் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. வெல்லம் கூட்டியது நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது, சுண்ணாம்பு உதிர்ந்து. அதையே பார்த்துக்கொண்டு மென்றேன். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். பக்கத்துக் கிடங்கிலிருந்து இஞ்சி நெடி வந்தது. யாரோ உந்துவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. ஒரு கை கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தது, இன்னொரு கை வாயருகே சோற்றோடு நின்றிருந்தது. அந்த முகத்தில் இருந்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. என் வயிறு எரிந்தது.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

வாயருகே நின்ற சோறு மட்டும் உள்ளே போனது.

"அக்கா, எங்க இருக்கோம்?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "கோவா தாண்டியாச்சு. கீழ பாரு, கடலு. பேசாம சாப்பிடு மோளே."

நான் குனிந்து பார்த்தேன். கீழே மட்டாஞ்சேரிதான் இருந்தது.